அஞ்சு வாட்ஸ் போதும், தம்பி

தம்பி,

நீ போனை வைத்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உலை கொதித்து வற்றும்வரை அரிசி போட மறந்து நின்றேன். சோளத்துக்குக் களை எடுக்கப் போனவள் பாதியிலேயே களைக்கொட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் அப்பா ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்தவர், என்ன ஆச்சு உனக்கு என்று கேட்டார். ஒன்றும் ஆகவில்லை என்றேன். போனில் பேசினால் எனக்குப் பாதிதான் விளங்கும், உனக்குத் தெரியும். பெருசு, நூறு வாட்ஸ், டேனியல், ஞாயித்துக்கிழமை என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொல் விழுந்தது. திரும்பச் சொல்லச் சொன்னேன். நீ சத்தம் போட்டுச் சொன்ன பிறகுதான் புரிந்தது. உங்கள் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிற டேனியலுக்குத் தெரிந்தவர் கிதார் சத்தத்தைப் பெருக்குகிற நூறு வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை விற்கிறார். நம்முடைய அஞ்சு வாட்ஸ் சின்னப் பெட்டியைக் கொடுத்து, மேலே கொஞ்சம் போட்டால் அது உனக்குக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்ல வேண்டும். நான் "சரிப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். சரி என்று தோன்றிச் சொல்லவில்லை, வேறு சொல் வாயில் வரவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத்தில் எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

நான் கிதாரைப் பற்றி என்ன கண்டேன் என்று நீ நினைக்கலாம். ஒன்றும் தெரியாமல்தான் இருந்தேன். போன வருஷம் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு நம் ரெட்டியபட்டி வீட்டு வாசலில் வந்து நின்றாயே, அப்போது உன் முதுகில் கிதார் இருந்தது, கையில் ஒரு பை இருந்தது, முகத்தில் ஒன்றும் இல்லை. வேலையை ஏன் விட்டாய் என்று உன் அப்பாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நீ உள் அறையில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு விடிந்ததிலிருந்து வாசித்தாய். கல்லூரி நாளிலிருந்து வாசிக்கிறவன், ஆனால் ஒரு நாளும் நீ வாசித்து நான் கேட்டதில்லை. அந்த மின்சாரக் கிதாரின் சத்தமெல்லாம் ஒயர் வழியாக உன் காதுக்குள் போய்விடும். வெளியே இருக்கிற எனக்குக் கம்பியில் விரல் படுகிற டிக் டிக்தான். கண்ணை மூடி, தலையை ஆட்டி, உதட்டைக் கடித்துக்கொண்டு நீ என்னவோ செய்வாய். நான் கதவருகே நின்று பார்த்துவிட்டுப் போவேன். பருத்தி எடுக்கிற நாளில் என்னோடு காட்டுக்கு வந்தபோது ஒருமுறை, இது என்ன பாட்டு என்று கேட்டேன். அமெரிக்காவில் பருத்திக்காட்டில் வேலை செய்தவர்களின் பாட்டிலிருந்து வந்தது, அதற்கு ப்ளூஸ் என்று பெயர், பின்னால் வந்தவர்கள் அதை மின்சாரக் கிதாரில் வாசித்தார்கள், அந்தப் பழைய சத்தம்தான் எனக்கு வேண்டும் என்றாய். பருத்தி எடுத்துக்கொண்டே எனக்குப் பாட வராது என்று நான் சொன்னேன். நீ அன்றைக்குத்தான் வந்தபிறகு முதல் தடவையாகச் சிரித்தாய்.

அதற்குச் சில நாள் கழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை உதறிவிட்டு இடது காதை அழுத்திப் பிடித்தாய்.

"இதுக்குள்ள ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்மா. வண்டு மாதிரி. நிக்கவே மாட்டேங்குது."

மறுநாளே மதுரைக்குக் கூட்டிப்போனேன். காது டாக்டர் பார்த்தார், சத்தம் புகாத கூண்டுக்குள் உட்காரவைத்துச் சோதித்தார். இந்த இரைச்சல் போகலாம், போகாமலும் இருக்கலாம், ஆனால் இதற்கு மேல் கூடவிடக் கூடாது, ஹெட்போனை இன்றோடு விட்டுவிட வேண்டும், பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது என்றார். திரும்பி வரும்போது காரியாபட்டி தாண்டும்வரை நீ ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாய். வாசிக்கிறதை விட்டுவிடப்போகிறாய் என்று எனக்குத் தெரிந்துபோனது. அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"எனக்கும் இருக்குடா அது" என்றேன். "மில்லுல வேலை பாத்தப்ப வந்துச்சு. ரெண்டு காதுலயும்."

நீ திரும்பிப் பார்த்தாய். "இப்பவுமா?"

"இப்பவுந்தான். நீ பேசுறப்ப, நான் சமைக்கிறப்ப, எப்பவும். அது பாட்டுக்கு இருக்கும். நான் பாட்டுக்கு என் வேலையப் பாப்பேன்."

நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். அருப்புக்கோட்டை வரும்வரை விடவில்லை. அம்மாவுக்குக் காது மந்தம் என்று ஊருக்கே தெரியும். உள்ளே இரைகிறது என்று யாருக்கும் தெரியாது. மில்லில் காதுக்கு அடைப்பான் கொடுத்தார்கள். போட்டால் பக்கத்தில் நிற்கிறவள் பேசுவது கேட்காது என்று நாங்கள் யாரும் போடவில்லை. இரைச்சல் வந்த பிறகும் ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் வேலைக்கு ஆகாதவள் என்று நிறுத்திவிடுவார்களோ என்று பயம். ஒரே வரிசையில் நின்று நூல் இழுத்தோம், எல்லோர் காதும் இரைந்தது, ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. இதை நான் ஏன் இங்கே எழுதுகிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஹெட்போன் கூடாது என்றால் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். அதையும் மெதுவாக வைத்து வாசிக்க வேண்டும். அங்கேதான் சிக்கல் என்று நீ எனக்கு விளக்கினாய். உனக்கு வேண்டிய பழைய சத்தம் வால்வு வைத்த பெட்டியில்தான் வரும். அந்தக் காலத்து ரேடியோவுக்குள் இருந்ததே கண்ணாடிக் குழாய், அதே சாதிதான். நீ அதை டியூப் என்பாய். அது சும்மா இருக்கும்போது சுத்தமாகப் பாடும். தாங்க முடியாத அளவுக்கு விரட்டினால்தான் குரல் உடைந்து கரகரக்கும். அந்த உடைந்த குரல்தான் உனக்கு வேண்டும். நூறு வாட்ஸ் பெட்டியை விரட்ட வேண்டுமானால் சுவர் அதிரும்படி திறக்க வேண்டும். அஞ்சு வாட்ஸ் பெட்டிக்கு ஒரு அறை அளவு சத்தத்திலேயே மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். ஆகவே சின்னதுதான் வேண்டும், அதுவும் நம் கைக்கு எட்டுகிற விலையில் வேண்டும். இது உன் அப்பாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஆட்டோவின் பின்சீட்டுக்கு மேலே ரெண்டு பெரிய ஸ்பீக்கரை மாட்டி, திருச்சுழி ரோட்டில் போனால் ரெட்டியபட்டியில் கேட்கிற மாதிரி ஓட்டுகிற மனுஷர் அவர். "ஏலே, வாங்குறது வாங்குற, நல்லா பெருசா வாங்கு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாம் அலைந்த அலைச்சலை நினைத்துப் பார். முதலில் மதுரையில் ஒரு கடை. பளபளவென்று ஒரு பெட்டி, முகப்பில் நிறையக் குமிழ், நடுவில் ஜன்னல் வைத்து உள்ளே ஒரு வால்வு ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. எனக்குப் பிடித்துவிட்டது. நீ குனிந்து பார்த்துவிட்டு, அந்த வெளிச்சம் வால்வுடையது இல்லை, பின்னால் சின்ன எல்.இ.டி. விளக்கு வைத்திருக்கிறார்கள், சத்தத்தைப் பெருக்குகிற வேலையெல்லாம் சாதாரண எலக்ட்ரானிக் சில்லுதான் செய்கிறது என்றாய். கடைக்காரர் மறுக்கவில்லை, எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்று மட்டும் சொன்னார். அடுத்தது விருதுநகரில் ஒருவர் வீட்டில். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது, நிஜ வால்வு, மலிவாகவும் சொன்னார். ஆனால் அது அந்த ஊரின் நூற்றுப்பத்து வோல்ட்டுக்குச் செய்தது. நம் கரண்டில் நேராகச் சொருகினால் புகைந்துவிடும், தனியாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும், அதற்குள் போகிற வால்வும் சீக்கிரம் கிடைக்காத வகை. பஸ் ஸ்டாண்டு வரை வந்தும் நீ திரும்பித் திரும்பிப் பார்த்தாய். வேண்டாம் என்று நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். அது மட்டும் நான் செய்த நல்ல காரியம்.

பிறகுதான் அந்தப் பல் டாக்டர். அஞ்சு வாட்ஸ் வால்வுப் பெட்டி விற்பதற்கு இருக்கிறது என்று அவர் போட்டிருந்த விளம்பரத்தை நீ போனில் பார்த்தாய். மதுரையில் கீழே ஆஸ்பத்திரி, மேலே வீடு. கல்லூரியில் குழு வைத்து வாசித்தவராம். மாடியில் கைக்குழந்தை வந்துவிட்டதால் இனி வாசிக்க முடியாது, அதுதான் விற்கிறேன் என்றார். நாம் போனபோது ஒரு பெரியவர் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஊசி போட்டுவிட்டு, மரத்துப்போகிறவரை நேரம் இருக்கிறது, வாங்க என்று நம்மை எக்ஸ்ரே அறைக்குக் கூட்டிப்போனார். ஓரத்தில் ஸ்டூல் உயரத்துக்கு ஒரு பெட்டி. முன்னால் துணி கட்டி, ரெண்டே குமிழ். எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவர் சுவிட்சைப் போட்டார், சத்தமே வரவில்லை. கெட்டுப்போயிருக்கிறது போல என்று உன்னைப் பார்த்தேன். இருங்கம்மா, சூடாகணும் என்றார். கரண்டைப் பிடுங்கின பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும், ஒருநாளும் பின்பக்கத்தைத் திறந்து கை வைத்துவிடாதே, ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டுச் சுவிட்சைப் போடாதே என்று உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மேடையில் வாசிக்க இது பத்துமா என்று நீ கேட்டதற்கு, முன்னால் ஒரு மைக்கை வைத்தால் போதும், மற்றதை அரங்கத்து ஸ்பீக்கர் பார்த்துக்கொள்ளும் என்றார்.

பெட்டிக்குள்ளிருந்து மெதுவாக ஓர் இரைச்சல் கிளம்பியது. மழை தூரத்தில் வருகிற மாதிரி ஒரு ஸ்ஸ். பழைய பெட்டி, இது கொஞ்சம் இரையும், அதனால்தான் விலை குறைவு என்று டாக்டர் சங்கடத்தோடு சொன்னார். நீ கிதாரைச் சொருகினாய். ஒரே ஒரு கம்பியைத் தட்டி, விரலால் மேலே தள்ளி, நடுங்க விட்டாய்.

தம்பி, அதுதான் உன்னை நான் முதன்முதலில் கேட்டது. அத்தனை வருஷம் டிக் டிக் என்று கதவுக்கு வெளியே கேட்டவள் அந்தச் சின்ன அறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மெதுவாகத் தட்டினால் மெதுவாகப் பேசியது. அழுத்தித் தட்டினால் தொண்டை அடைத்துப் பேசியது. இந்த வீட்டில் இவ்வளவு நாள் சாப்பிட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோன பிள்ளைக்குள் இவ்வளவு பேச்சு இருந்திருக்கிறது. நீ வாசிப்பதை நிறுத்தினாய். பெட்டி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு என்னவோ வித்தியாசமாக இருந்தது. என்ன என்று பிடிபட ஒரு கணம் ஆனது.

"காதுல அது கேக்கலைடா" என்றேன்.

நீ அசையாமல் நின்று கவனித்தாய். "எனக்கும் கேக்கலைம்மா."

பெட்டியின் இரைச்சல் நம் இரைச்சலை மூடிவிட்டது, அவ்வளவுதான். டாக்டர் குறை என்று சொன்னது நமக்கு மருந்தாகிவிட்டது. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கன்னம் மரத்த பெரியவர் வெளியிலிருந்து குழறிக்கொண்டே கூப்பிட்டார், டாக்டர் ஓடினார். நாம் ரெண்டு பேரும் அந்த அறையில் ஸ்ஸ் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றோம்.

வாங்கி வந்த பெட்டியைப் பார்த்ததும் உன் அப்பா, "இதுக்கா மதுரைக்குப் போனீக?" என்று கேட்டார். ஆனாலும் சாயங்காலமானால் நம் ஊர்க் கரண்டு இறங்கி ஏறுவதைப் பார்த்துவிட்டு, ஃபிரிட்ஜின் ஸ்டெபிலைசரைக் கழற்றி உன் பெட்டிக்கு மாட்டிக் கொடுத்ததும் அவர்தான். நீ வாசிக்கிற நேரமெல்லாம் ஃபிரிட்ஜ் அணைந்து கிடந்தது. மாவு புளித்தது, தயிர் புளித்தது, ஒருவரும் குறை சொல்லவில்லை. நீ கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தாய். புது வேலைக்கு எழுதிப் போட்டாய். கிடைத்ததும் அந்தப் பெட்டியைச் சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மறுபடி பெங்களூருக்குப் பஸ் ஏறினாய்.

இப்போது அதைக் கொடுத்துவிடவா என்கிறாய். பெரிய பெட்டி கெட்டது என்று நான் சொல்லவில்லை. டேனியல் டிரம்ஸ் அடிக்கிற பக்கத்தில் நம்முடையது அடங்கிப்போகும், நீ சொல்வது எனக்குப் புரிகிறது. நாலு பேர் சேர்ந்து வாசிக்கிற இடத்தில் உன் சத்தம் மட்டும் கேட்காமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்றும் தெரியும். ஆனால் எனக்கு ஒன்று இடிக்கிறது. உன் காதைப் பற்றித் தெரிந்த எவனாவது உன்னிடம் நூறு வாட்ஸ் வாங்கச் சொல்வானா? நீ அவர்களிடம் சொல்லவில்லை, இல்லையா? சொன்னால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள் என்று பயந்து சும்மா இருக்கிறாய். மில்லில் நாங்கள் நின்ற மாதிரியே நிற்கிறாய். அதைத்தான் பிறகு சொல்கிறேன் என்றேன்.

இதுவரை வீட்டில் எழுதினேன். தபாலில் போட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேராது என்று பட்டது. ரெண்டு தடவை அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பினேன், சொல்லாமல் வந்து நின்றால் உனக்குச் சங்கடமாக இருக்குமே என்று. மூன்றாவது தடவை உன் அப்பாவே ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கி, பெங்களூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். போய்ட்டு வா, இங்கேயே இருந்தா நீ இப்படி அலைஞ்சே என்னையும் கொன்னுருவ என்றார்.

இப்போது நீங்கள் வாசித்துப் பழகுகிற இடத்துக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் என்னைப் பார்த்து நீ திகைத்ததும், டீ வாங்கிக் கொடுத்ததும், என்னம்மா என்று கேட்டதும் சரி. நான் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே வாயால் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், அவர்களிடம் சொல்லிவிட்டாயா என்று. நீ டீ கிளாஸை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாய். கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அந்தப் பெரிய பெட்டி வந்துவிட்டது போல. கதவு அதிர்கிறது. நாற்காலிக் காலில் தெரிகிறது, நெஞ்சில் தெரிகிறது. நன்றாகத்தான் இருக்கிறது தம்பி, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீ எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறாயோ, இடது காது எந்தப் பக்கம் இருக்கிறதோ என்று என் உயிர் போகிறது. எழுந்து கதவைத் தட்டப் போனேன், திரும்ப வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். நீ குழந்தை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாட்டு பாதியில் நின்றுவிட்டது.

வெகுநேரம் பேச்சுக் குரல் மட்டும் வந்தது, யார் என்ன பேசுகிறார்கள் என்று என் காதுக்குப் பிடிபடவில்லை. பிறகு கதவைத் திறந்துகொண்டு ஒரு பையன் வந்தான், கையில் டிரம்ஸ் குச்சி. டேனியல் என்று அப்போதே தெரிந்துகொண்டேன். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். குச்சியை உருட்டிக்கொண்டே சொன்னான்.

"காது விஷயம் இப்பதான் சொன்னான் ஆன்ட்டி. இத்தனை நாளா அந்த இரைச்சலோடயே எங்க கூட வாசிச்சிருக்கான்."

நான், வேறு ஆளைப் பார்த்துக்கொள்வீர்களா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவன் முகம் சுண்டிப்போனது. பிறகு, தன்னுடைய டிரம்ஸுக்கும் உனக்கும் நடுவில் ஒரு தடுப்புப் பலகை வைக்கப்போவதாகவும், தான் குச்சியை மாற்றி மெதுவாக அடிக்கப் பழக வேண்டும் என்றும், பெரிய பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோக ஆள் வரச் சொல்லிவிட்டதாகவும் ஒவ்வொன்றாகச் சொன்னான். மெதுவாக அடிப்பதுதான் தனக்குக் கஷ்டம் என்றான்.

ஆகவே இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்ததை நீ எனக்கு முன்னால் செய்துவிட்டாய். இருந்தாலும் கொடுத்துவிட்டுத்தான் போவேன். இன்னும் நிறைய ஊர் போவாய், நிறையப் பேரோடு வாசிப்பாய், கல்யாணம் ஆகும், வீடு மாறுவாய். போகிற இடத்திலெல்லாம் இன்னும் பெரிசு வாங்கு என்று யாராவது சொல்லுவார்கள். அவர்களிடம் முதலில் உன் காதைச் சொல். அதைக் கேட்ட பிறகும் உன் பக்கத்தில் நிற்கிறவர்களோடு வாசி.

உங்களுக்கு உள்ளே நாற்காலி போட்டிருக்கிறோம், வாங்க ஆன்ட்டி என்று டேனியல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். உள்ளேயிருந்து நம் சின்னப் பெட்டியின் அந்த ஸ்ஸ் சத்தம் வருகிறது. வருகிறேன்.

அம்மா